மகனைத் தைத்திரீய சாகை வேத பாடசாலையில் சேர்ப்பது எப்படி? சாகை, சான்றிதழ், செலவு, காலம்

எங்கள் மகனை வேத அத்யயனத்துக்கு (வேதத்தை முறையாக ஓதிக் கற்பதற்கு) அனுப்புவது என்று வீட்டில் முடிவானபோது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்ல ஒருவரும் கிடைக்கவில்லை. பாடசாலையில் கேட்டால் வேதத்தைப் பற்றி மட்டும் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்டால் டிசி (மாற்றுச் சான்றிதழ்), எமிஸ் எண் (கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்) என்று மட்டும் பேசினார்கள். இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டியவர்கள் பெற்றோர்தான் என்பது போகப் போகத்தான் தெரிந்தது. நாங்கள் அலைந்து சேர்த்த விவரங்களை, அடுத்து வருகிறவர்கள் அலையாமல் இருக்க எழுதுகிறேன்.

இது கிருஷ்ண யஜுர் வேதத்தின் தைத்திரீய சாகைக்கான வழிகாட்டி. சாகை என்றால் ஒரு வேதத்தின் கிளை. தமிழ்நாட்டில் வேத அத்யயனம் செய்யும் குடும்பங்களில் பெரும்பாலானவை இந்தச் சாகையைச் சேர்ந்தவை. ரிக், சாமம் என்றால் பாடமும் காலமும் மாறும். ஆவணம் பற்றிச் சொல்லியிருப்பது மட்டும் அவர்களுக்கும் பொருந்தும். பாரம்பரியப் பாடசாலைகள் பெரும்பாலும் உபநயனமான சிறுவர்களையே சேர்க்கின்றன. கோயில் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளி என்பது வேறு. அங்கே ஆகமமும் பூஜை முறையும்தான் முக்கியப் பாடம். விண்ணப்பம் போடும் முன் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

1. உங்கள் சாகை எது என்று முதலில் உறுதி செய்யுங்கள்

"நாங்கள் யஜுர் வேதம்" என்று சொல்வது போதாது. யஜுரில் கிருஷ்ணம், சுக்லம் என்று இரண்டு உண்டு. அபிவாதயே (பெரியவர்களை நமஸ்கரிக்கும்போது தன்னை அறிமுகப்படுத்திச் சொல்வது) சொல்லும்போது கோத்திரத்துக்குப் பின் வரும் சூத்திரத்தைக் கவனியுங்கள். ஆபஸ்தம்பம், போதாயனம், ஹிரண்யகேசி (சத்யாஷாடம் என்றும் சொல்வார்கள்), பாரத்வாஜம், வைகானஸம் இவற்றில் ஒன்று வந்தால் தைத்திரீய சாகை. காத்யாயனம் என்று வந்தால் நீங்கள் சுக்ல யஜுர். தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் காண்வ சாகையாக இருக்கும். ஆச்வலாயனம் ரிக்வேதம். த்ராஹ்யாயணம், ஜைமினி என்றால் சாமவேதம்.

அபிவாதயே யாருக்கும் சரியாக நினைவில்லை என்றால் தாத்தா எந்த நாளில் பூணூல் மாற்றிக்கொண்டார் என்று கேளுங்கள். ஆவணி அவிட்டத்தில், பௌர்ணமியன்று என்றால் பொதுவாக யஜுர். விநாயக சதுர்த்தியை ஒட்டி, ஹஸ்த நட்சத்திரத்தில் என்றால் சாமம். குடும்ப வாத்தியார் இருந்தால் ஒரே கேள்வியில் முடிந்துவிடும். அப்பா வழியில்தான் பார்க்க வேண்டும், அம்மா வழியில் அல்ல.

இதற்கு ஏன் இவ்வளவு இடம் கொடுக்கிறேன் என்றால், மரபுப்படி முதலில் சொந்த சாகையைத்தான் ஓத வேண்டும். வீட்டுக்கு அருகில் இருக்கிறது, தெரிந்தவர் நடத்துகிறார் என்பதற்காக வேறு சாகைப் பாடசாலையில் சேர்த்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து மாற்றுவது பையனுக்குப் பெரிய சிரமம். ஸ்வரமும் (ஓதும்போது குரல் ஏறி இறங்கும் முறை) உச்சரிப்பும் சாகைக்குச் சாகை வேறுபடும். புருஷ ஸூக்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ரிக்வேதத்தில் அது 16 மந்திரம். தைத்திரீய ஆரண்யகத்தின் மூன்றாம் பிரச்னத்தில் (பிரச்னம் என்றால் அத்தியாயம்) 18 மந்திரம், வரிசையும் சில இடங்களில் வேறு. நாக்கில் முதலில் பதிந்தது எதுவோ அதுவே திரும்பத் திரும்ப வரும்.

2. என்ன படிக்கப் போகிறான், எத்தனை வருடம் ஆகும்

தைத்திரீய சாகையின் மூலம் மூன்று பகுதி. சம்ஹிதை 7 காண்டம், 44 பிரச்னம். பிராமணம் 3 அஷ்டகம், 28 பிரச்னம். ஆரண்யகம் 10 பிரச்னம். மொத்தம் 82. நாம் கோயிலிலும் வீட்டிலும் கேட்கும் ருத்ரம் சம்ஹிதையின் நான்காம் காண்டத்தில் ஐந்தாம் பிரச்னம், சமகம் அதே காண்டத்தில் ஏழாம் பிரச்னத்தின் தொடக்கம். சூரிய நமஸ்காரத்துக்குச் சொல்லும் அருணம் ஆரண்யகத்தின் முதல் பிரச்னம். சீக்ஷாவல்லி, ஆனந்தவல்லி, ப்ருகுவல்லி மூன்றும் ஆரண்யகத்தின் 7, 8, 9. பத்தாவது மகாநாராயண உபநிஷத்.

முழுநேரப் பாடசாலையில் இந்த மூலத்தை முடிக்க ஏறத்தாழ ஏழெட்டு வருடம். அதாவது சராசரியாக வருடத்துக்குப் பத்து பிரச்னம். முதல் வருடம் மெதுவாகத்தான் போகும், பதற வேண்டாம். அதன்பின் பதம், க்ரமம் (மந்திரச் சொற்களைப் பிரித்தும் கோத்தும் ஓதும் முறைகள்) படிக்க இரண்டு வருடம் போல ஆகும். அவற்றைவிடக் கடினமான ஜடை, கனம் வரை போய் கனபாடிகள் ஆக வேண்டுமானால் மேலும் இரண்டு மூன்று வருடம். எட்டு வயதில் சேர்கிறவன் கனம் முடிக்கும்போது இருபது வயதைத் தொட்டிருப்பான்.

இங்கே ஒரு பொறி. "மூன்று வருட வேதப் படிப்பு" என்று சில இடங்களில் சொல்வார்கள். அதில் ருத்ரம், சமகம், ஸூக்தங்கள், உதகசாந்தி, கொஞ்சம் பூர்வ, அபர பிரயோகம் (சுபச் சடங்கும் ஈமச் சடங்கும் செய்து வைக்கும் முறை) இருக்கும். வைதிகத் தொழிலுக்கு அது உதவும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது சாகை அத்யயனம் அல்ல. "82 பிரச்னமும் முழுக்கச் சொல்லி வைக்கிறீர்களா, காடகம் உண்டா?" என்று நேராகக் கேளுங்கள். பிராமணத்தின் கடைசி மூன்று பிரச்னங்களும் ஆரண்யகத்தின் முதல் இரண்டும்தான் காடகம். இந்தக் கேள்விக்கு வரும் பதிலிலேயே அந்த இடத்தின் பாடம் எப்படி என்று புரிந்துவிடும்.

3. பாடசாலையைத் தேர்ந்தெடுப்பது

மடங்கள் நடத்துபவை, அறக்கட்டளைகள் நடத்துபவை, ஒரு வாத்தியார் தன் வீட்டிலேயே ஐந்தாறு பேரை வைத்துச் சொல்லிக் கொடுப்பது என்று பல வகை உண்டு. கும்பகோணத்தில் ராஜா வேத காவ்ய பாடசாலை மிகப் பழையது. திருமலையில் தர்மகிரியில் தேவஸ்தானம் நடத்தும் வேத விஞ்ஞான பீடம் பெரியது. அங்கே வயது வரம்பும் பள்ளிப் படிப்புத் தகுதியும் அறிவிப்பில் வரும். கடைசித் தேதி தாண்டினால் அடுத்த வருடம்தான். மற்ற இடங்களில் பேசி முடிவு செய்யலாம்.

போனில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். ஒரு பாடசாலையில் போனில் இடம் இருக்கிறது என்றார்கள். பையனோடு பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றபோது, சேர்க்கை முடிந்துவிட்டது என்றார்கள். நேரில் போய், பொறுப்பில் இருப்பவரிடம் பேசி, சேரும் தேதியை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

எந்த நாளில் போவது என்பதும் முக்கியம். பிரதமை, அஷ்டமி, சதுர்த்தசி, அமாவாசை, பௌர்ணமி ஆகிய திதிகள் அனத்யயனம், அன்று புதுப் பாடம் கிடையாது. வாத்தியாரோடு நிதானமாகப் பேச அந்த நாட்களில் போங்கள். வகுப்பைப் பார்க்க வேண்டுமானால் மற்ற நாட்களில், காலையில் போங்கள். ஞாயிறு விடுமுறை என்று நினைத்துப் போனால் பாடம் மும்முரமாக நடந்துகொண்டிருக்கும்.

வகுப்பில் உட்கார அனுமதித்தால் சந்தை (வாத்தியார் சொல்லத் திருப்பிச் சொல்லும் பாட முறை) சொல்வதைக் கவனியுங்கள். வாத்தியார் ஒரு முறை சொல்ல, பிள்ளைகள் இரண்டு முறை திருப்பிச் சொல்வார்கள். ஒரு வாத்தியாருக்கு எத்தனை பிள்ளைகள் என்று எண்ணிப் பாருங்கள். பெரிய கூட்டமாக இருந்தால் ஒரு பையன் ஸ்வரத்தைத் தவறாகச் சொல்வது அவர் காதில் விழாது. ஒருமுறை தவறாக உருவேறிவிட்டால் அதை எடுப்பது புதிதாகச் சொல்லிக் கொடுப்பதைவிடக் கடினம் என்று எங்களிடம் பேசிய எல்லா வாத்தியார்களும் சொன்னார்கள். ஆகவே கட்டடத்தின் அழகைப் பார்க்காதீர்கள். வாத்தியாரைப் பாருங்கள், அங்கே நாலைந்து வருடமாக இருக்கும் பெரிய பையன்களைப் பாருங்கள். அவர்கள் முகத்தில் தெளிவு இருக்கிறதா, அவர்கள் "அண்ணா" என்று வாத்தியாரைக் கூப்பிடும் குரலில் பயம் மட்டும் இருக்கிறதா பிரியமும் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் நாங்கள் முடிவெடுத்தோம்.

கேட்க வேண்டிய மற்ற கேள்விகள்: பிள்ளைகள் எங்கே தூங்குகிறார்கள், இரவில் பெரியவர் யார் கூட இருக்கிறார், காய்ச்சல் வந்தால் எந்த டாக்டர், வீட்டுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை போன் பேசலாம், அடிப்பது உண்டா. கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

4. பள்ளிச் சான்றிதழுக்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள்

பலரும் தள்ளிப்போடும் இடம் இதுதான். 15 வயதில் பையன் "எனக்கு இது வேண்டாம்" என்று சொன்னாலும், அல்லது வேதம் முடித்துவிட்டு மேலே கல்லூரியில் படிக்கிறேன் என்று சொன்னாலும், அவன் கையில் சான்றிதழ் இருக்க வேண்டும். இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, உஜ்ஜைனியில் இருக்கும் மகரிஷி சாந்தீபனி ராஷ்ட்ரிய வேத வித்யா பிரதிஷ்டான். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் வருவது. அதன் வாரியம் வேதபூஷண், வேதவிபூஷண் என்று இரண்டு சான்றிதழ்கள் தருகிறது. ஐந்து வருட வேதபூஷண் பத்தாம் வகுப்புக்கும், அதன் மேல் இரண்டு வருட வேதவிபூஷண் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இணை. வேதத்தோடு சமஸ்கிருதம், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியலும் உண்டு. ஆனால் எல்லாப் பாடசாலைகளும் இதில் இணைந்தவை அல்ல. "எங்களுக்கு அங்கீகாரம் உண்டு" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. இணைப்புக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள், அது எந்த வருடம் வரை செல்லும் என்று பாருங்கள்.

இங்கே வயதுக் கணக்கு இடிக்கும். வேதபூஷண் ஆறாம் வகுப்பு நிலையில் தொடங்குவதால் ஐந்தாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும். மரபுப்படி எட்டு வயதில் சேர்த்தால் பையன் இரண்டாவது, மூன்றாவதுதான் முடித்திருப்பான். அந்த இடைவெளியை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பாடசாலையிலேயே கேளுங்கள். என் அபிப்பிராயத்தில், பையனுக்கு நல்ல நினைவாற்றலும் விருப்பமும் இருந்தால் ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டுப் பத்து வயதில் அனுப்புவது இரண்டு பக்கத்துக்கும் நல்லது. இதில் பெரியவர்கள் என்னோடு உடன்படாமல் இருக்கலாம்.

இரண்டாவது வழி, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்ஐஓஎஸ். 14 வயது முடிந்ததும் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதிவு செய்யலாம். பாடசாலை எந்த வாரியத்திலும் சேராததாக இருந்தாலும் இந்தக் கதவு திறந்தே இருக்கும். பிற்பாடு பொறியியல், மருத்துவம் என்று போகும் வாய்ப்பை வைத்துக்கொள்ள விரும்பினால் இயற்பியல், வேதியியல் எடுத்துப் பன்னிரண்டாம் வகுப்பு எழுத வேண்டும். அதற்கு இதுதான் வழி. தேர்வுகள் பொதுவாக ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் தொடங்கும். தேர்வுக்கு விடுப்பு கொடுப்பீர்களா என்று சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

"பள்ளிக்கு அனுப்பாவிட்டால் சட்டச் சிக்கல் வராதா?" என்று உறவினர்கள் பயமுறுத்துவார்கள். 2009ஆம் வருடக் கட்டாயக் கல்விச் சட்டம் வேத பாடசாலைகளுக்குப் பொருந்தாது என்று 2012ஆம் வருடத் திருத்தம் சொல்கிறது. இருந்தாலும் பையன் எங்கே படிக்கிறான் என்பதற்குப் பாடசாலையின் கடிதம் கையில் இருக்க வேண்டும்.

5. உபநயனத்தை வைத்துக் காலக்கணக்கு போடுங்கள்

எல்லாம் உபநயன முகூர்த்தத்தில்தான் மாட்டிக்கொள்ளும். உபநயனம் உத்தராயணத்தில், தை முதல் ஆனி வரைக்குள் செய்ய வேண்டும். பள்ளி ஆண்டு ஏப்ரல், மே மாதத்தில் முடியும். பல பாடசாலைகள் வைகாசி, ஆனியிலோ விஜயதசமியிலோ புதுப் பிள்ளைகளைச் சேர்க்கின்றன. ஆவணி அவிட்டத்தன்று உபாகர்மா, வேதம் தொடங்கும் நாள். அன்றைக்குப் பையன் பாடசாலையில் இருப்பது நல்லது.

ஆகவே பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். ஆனியில் சேர வேண்டுமானால் மாசி, பங்குனிக்குள் உபநயனம், மே மாதத்தில் டிசி, அதற்கு முந்தைய ஐப்பசி, கார்த்திகையிலேயே பாடசாலைகளைப் பார்த்து முடித்திருக்க வேண்டும். வைகாசிக் கடைசியில் உபநயனம் வைத்தால் பையனுக்குச் சந்தியாவந்தனம் பாடமாகக்கூட நேரம் இருக்காது. ஆனியைத் தவறவிட்டால் ஆடியில் செய்ய முடியாது, அடுத்த தைக்குத்தான் காத்திருக்க வேண்டும். ஒரு முழு வருடம் அப்படிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

6. ஆவணங்கள்

பிறப்புச் சான்றிதழில் பையன் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பல குழந்தைகளுக்குப் பெயர் இல்லாமலே பதிவாகியிருக்கும். பிறந்து 15 வருடத்துக்குள் பெயரைச் சேர்க்கலாம், ஆனால் பாடசாலைக்குப் போனபின் இதற்காக அலைய முடியாது.

ஆதாரிலும் பிறப்புச் சான்றிதழிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். இனிஷியல்தான் நம் ஊர்க்காரர்களுக்குப் பெரிய தலைவலி. என்ஐஓஎஸ், உஜ்ஜைனி போன்ற விண்ணப்பங்களில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கலாம். ஒரு இடத்தில் அப்பா பெயரை விரித்து எழுதி, இன்னொரு இடத்தில் இனிஷியலாக விட்டால் வருடக்கணக்கில் தொடரும் தொல்லை. விரித்து எழுதுவதா வேண்டாமா என்று இப்போதே ஒன்றை முடிவு செய்து, எல்லாவற்றிலும் அதையே வையுங்கள். "சர்மா" சேர்த்த பெயர் சங்கல்பத்துக்கு மட்டும்.

டிசி வாங்காமல் பையனை அழைத்துப் போகாதீர்கள். எமிஸ் பதிவில் அவன் இடைநின்ற மாணவனாகக் காட்டும், பள்ளியிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். பிறகு வேறு பள்ளியில் சேர்க்கவும் அதே எமிஸ் எண் தேவை, அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வகுப்பின் மதிப்பெண் பட்டியலும் வாங்குங்கள்.

இவற்றோடு மருத்துவச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பத்துப் பன்னிரண்டு புகைப்படங்கள், பையன் பெயரில் வங்கிக் கணக்கு. உதவித்தொகை வந்தால் கணக்கில்தான் வரும். எல்லாவற்றுக்கும் மூன்று நகல் எடுத்து, அசலை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். பாடசாலை அசலைக் கேட்டால், காட்டிவிட்டு நகலைக் கொடுங்கள். டிசி மட்டும் விதிவிலக்கு. அதைக் கொடுக்க வேண்டியிருந்தால் ரசீது வாங்குங்கள்.

7. செலவு

பாரம்பரியப் பாடசாலைகளில் பெரும்பாலும் சாப்பாடு, தங்குமிடம், பாடம் எதற்கும் கட்டணம் இல்லை. பெரிய தொகையை முன்பணமாகக் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். நன்கொடை கொடுப்பது உங்கள் விருப்பம், சேர்க்கைக்கான நிபந்தனை அல்ல.

நம் கையிலிருந்து போவது உபநயனத்துக்கு. மண்டபம், சாப்பாடு என்று போனால் லட்சங்கள் ஆகும். மடங்களும் சபைகளும் பலருக்குச் சேர்த்து நடத்தும் சமஷ்டி உபநயனத்தில் சேர்ந்தால் மிகக் குறைந்த செலவில் முடியும். மந்திரமும் பலனும் ஒன்றுதான், பாடசாலைக்கு அனுப்பும் குடும்பம் அங்கே பணத்தைக் கரைக்க வேண்டியதில்லை. அடுத்தது நான்கு செட் வேஷ்டி, துண்டு, போர்வை, பாய். வளரும் பையன் என்பதால் வருடா வருடம் வாங்க வேண்டியிருக்கும். புத்தகத்தை முன்கூட்டி வாங்காதீர்கள். எந்தப் பதிப்பு என்று வாத்தியார் சொல்வார். அதைத்தான் வாங்க வேண்டும். அப்புறம் நீங்கள் போய்வரும் பயணச் செலவு. தூரத்துப் பாடசாலை என்றால் எல்லாச் செலவையும்விட இதுவே பெரிதாகிவிடும்.

8. சேர்வதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியவை

முதலில் பையனிடம் கேளுங்கள். குடுமி, மூன்று வேளை சந்தியாவந்தனம், காலையும் மாலையும் சமிதாதானம் (அக்னியில் சமித்து இடும் கடமை), விடியற்காலையில் எழுவது, டிவி, செல்போன் இல்லாமல் இருப்பது என்று எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். "சரி" என்று அவன் வாயால் சொல்லட்டும். சில பாடசாலைகள் முதலில் சில வாரம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உறுதி செய்யும். அந்தச் சமயத்தில் அவன் திரும்பி வந்துவிட்டால் திட்டாதீர்கள்.

தேவநாகரி அல்லது கிரந்தம் படிக்கக் கற்றுக்கொடுங்கள். தமிழ் எழுத்துப் பதிப்புகளில் க, ச, ட, த, ப வரிசைகளுக்கு 2, 3, 4 என்று எண் போட்டிருப்பார்கள், பிள்ளைகள் அதை வேகத்தில் விட்டுவிடுவார்கள். ஸ்வரக் குறிகளையும் காட்டலாம். எழுத்தின் கீழே படுக்கைக் கோடு அனுதாத்தம், மேலே நிற்கும் கோடு ஸ்வரிதம், மேலே இரட்டைக் கோடு தீர்க்க ஸ்வரிதம், குறி இல்லாதது உதாத்தம். குறிகளை அடையாளம் காட்டுவதோடு நிறுத்துங்கள். மந்திரத்தை நீங்களாகச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். யூடியூபில் ருத்ரம் கேட்டு உருப்போட வைப்பதும் வேண்டாம். சந்தியாவந்தனம் மட்டும் குடும்ப வாத்தியாரிடம் சுத்தமாகப் பாடம் பண்ணி வையுங்கள்.

9. சேர்ந்த பிறகு

முதல் இரண்டு மாதம் அடிக்கடி போய்ப் பார்க்காதீர்கள், அவன் மனசு அங்கே நிலைக்காது. அதற்குப் பின் வருடத்துக்கு ஒரு முறையாவது வாத்தியாரிடம் உட்கார்ந்து, எத்தனை பிரச்னம் ஆகியிருக்கிறது, பழைய பாடம் எப்படி நிற்கிறது என்று கேளுங்கள். வேத ரக்ஷண நிதி டிரஸ்ட் போன்றவை நடத்தும் பரீட்சைகளுக்குப் பையனை அனுப்பும் பாடசாலை என்றால் நல்லது. வெளியிலிருந்து வரும் பரீட்சை அதிகாரி கேட்கும்போது பாடத்தின் நிலை வெளிப்படையாகத் தெரிந்துவிடும்.

இரண்டு தேதிகளை இப்போதே குறித்து வையுங்கள். 14 வயது முடியும் நாள், என்ஐஓஎஸ் பதிவுக்கு. 15 வயது முடியும் நாள், ஆதாரில் கைரேகையும் கருவிழியும் புதுப்பிக்க. இரண்டாவதை விட்டுவிட்டால் தேர்வுப் பதிவும் வங்கிக் கணக்கும் நின்றுபோகலாம். ஒரு அனத்யயன நாளாகப் பார்த்து, பாடசாலைக்குப் பக்கத்து ஊரிலேயே அழைத்துப் போய் முடித்துவிடுங்கள். பாடமும் தடைப்படாது.